சாயங்காலம் வராத ஓணான்

பாளையம்பட்டியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் லோக்கல் சேனல் இருந்தது. எங்கள் கேபிள் இருக்கிற வீடுகளில் மட்டும்தான் தெரியும். அருப்புக்கோட்டை டவுன், திருச்சுழி போகிற வழியில் உள்ள ஊர்கள், அந்தப் பக்கம் வீரசோழன், இவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம். பிறந்த நாள் வாழ்த்து, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கரண்ட் நிறுத்தம், குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, இப்போதே மனை வாங்குங்கள் என்கிற விளம்பரம், எல்லாம் திரைக்கு அடியில் வரிசையாக ஓடும். அதை டைப் அடிப்பவள் நான். கேமராவும் நான்தான், கம்ப்யூட்டரும் நான்தான். விருந்தாளி வந்தால் டீ வாங்கி வருவதும் நான்தான் என்று எதிர்பார்த்தார்கள். அதை மட்டும் நான் செய்ததில்லை.

சேனல் நடத்தியவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். அதனால் அவர் மனைவி எனக்கு மதினி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி பிள்ளைகளுக்காக ஒரு நிகழ்ச்சி செய்தார். காலையில் நேரடி, சாயங்காலம் அதையே மறுபடி போடுவோம். அதற்குப் பெரிய பெயர் ஒன்று அண்ணன் வைத்திருந்தார். பிள்ளைகள் யாரும் அதைச் சொன்னதில்லை. 'ஓணான் மாமா' என்றுதான் சொன்னார்கள்.

ஓணான் என்பது அண்ணனின் பழைய பச்சை சாக்ஸ். ரெண்டு சட்டைப் பொத்தான் கண், முதுகில் முள்ளுக்குப் பதிலாக ஜாக்கெட் ஓரத்துக்கு வைத்துத் தைக்கிற லேஸ். மேஜைக்கு அடியில் ஜமுக்காளத்தை விரித்து மதினி மல்லாந்து படுத்துக்கொள்வார். கை மட்டும் மேலே வரும். அரை மணி நேரம் கையைத் தூக்கியபடியே பேச வேண்டும். முடிந்ததும் கை மரத்துப் போய், நான்தான் நீவி விடுவேன். ஒரு நாளும் எழுதி வைத்துப் படித்ததில்லை. பிள்ளை போனில் திக்கினால் எடுத்துக் கொடுக்கவும் மாட்டார். காத்திருப்பார். டிவியில் யாராவது சும்மா காத்திருந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த இடைவெளியில் ஓணான் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைக்குத் தைரியம் வந்து தானே பேசிவிடும். நான் வேலை கற்றுக்கொண்டது டிப்ளமோ படித்த இடத்தில் இல்லை, அந்த மேஜைக்கு எதிரில்தான்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலிக் கருவையில் ஓணானைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்லெடுக்கும், இல்லாவிட்டால் ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிக்கும். அப்பேர்ப்பட்ட பிள்ளைகளை ஓணானுக்கு மாமா முறை வைத்துக் கூப்பிட வைத்தவர் மதினி. அதற்கே அவரைக் கும்பிடலாம்.

நிகழ்ச்சியில் ஒரு விளையாட்டு உண்டு. தனக்குத் தெரிந்த ஒருத்தரைப் பற்றிப் பிள்ளை சொல்ல வேண்டும். யார் அது என்று ஓணான் கண்டுபிடிக்க வேண்டும். ஓணான் தப்புத் தப்பாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒரு பெண் பிள்ளை பேசியது. மூணாப்பு படிக்கிறதாம். திருச்சுழிப் பக்கம் ஊர். குரலைக் கேட்டதும் எனக்கு யார் வீடு என்று பிடிபடவில்லை.

"நான் சொல்றது ஒரு ஆளு, மாமா. எங்க தோட்டத்துல இருக்கான். மோட்டார் போடுவான். எனக்கு ஓணான் புடிச்சுத் தருவான்."

எங்கள் ஓணான் பயந்துபோய் மேஜைக்குக் கீழே பாதி இறங்கிவிட்டது. "ஆத்தாடி. புடிச்சு என்ன செய்வாக?"

"கழுத்துல சுருக்குப் போட்டுக் குடுப்பான். வெளையாண்டுட்டு விட்ரணும்னு சொல்லித்தான் குடுப்பான்."

"விட்ரச் சொல்வாகளா? அப்ப நல்ல மனுசருதான். எளவட்டமா?"

"இல்ல, முடியெல்லாம் வெள்ளையாப் போச்சு. எங்க தாத்தாவவிடப் பெரியவன். பேரச் சொல்லவா மாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பிள்ளை பேரைச் சொல்லிவிட்டது.

எங்க அய்யா பேர். என்னைப் பெற்ற அப்பன் பேர். எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தோட்டத்தில் அவர் எத்தனையோ வருசமாக வேலை பார்க்கிறார். கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் காதெல்லாம் சுட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரை 'அவன்' என்று சொல்வது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் அதை அருப்புக்கோட்டை முழுக்கக் கேட்கும்படி, நான் பிடித்த கேமராவில், நான் போட்ட லைனில் கேட்பது வேறு. மதினிக்கு அது யார் என்று தெரியாது. அவருக்கு எங்க அய்யா பேரே தெரியாது.

"தாத்தாவவிடப் பெரியவுகளா? அப்ப 'அவுக'ன்னு சொல்லணும்ல கண்ணு" என்றது ஓணான்.

"எங்க வீட்டுல எல்லாரும் அவன்னுதான் சொல்லுவோம்."

"உங்க தாத்தாவ அவன்னு சொல்லுவியா?"

"அடி விழும்."

"ம்" என்றது ஓணான். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற ஓணான் அப்போது ஆட்டவில்லை. பிள்ளையைப் பார்க்கிற மாதிரி கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றது. மறுமுனையில் ஃபேன் சத்தம் கேட்டது. பிறகு புதுச் செருப்பைப் போட்டு ஒரு எட்டு நடந்து பார்ப்பது போல அந்தப் பிள்ளை சொன்னது:

"அவுக ஓணான் புடிச்சுத் தருவாக."

சொல்லிவிட்டுச் சிரித்தது. அதற்கு அது பிடித்திருந்தது. உடனே பின்னால் ஒரு பெரிய குரல், "யார்ட்ட என்னத்தப் பேசிக்கிட்டிருக்க? போன வையி." லைன் கட்.

"வீட்டுல கூப்பிடுறாக போல. சரி, அடுத்து யாரு?" என்றது ஓணான். நிகழ்ச்சி வழக்கம் போல நடந்து முடிந்தது. மதினி மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து கையை நீட்டினார். நீவாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்ற என்னைப் பார்த்து, "என்னாச்சு ஒனக்கு?" என்றார். சொன்னேன். "உங்க அய்யான்னு தெரியாது எனக்கு. தெரிஞ்சிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்" என்றார். அந்த ரெண்டாவது வாக்கியத்துக்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

மத்தியானத்துக்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. எல்லாம் அண்ணனுக்குத்தான். எங்க வீட்டுப் புள்ளைய வச்சே எங்கள அசிங்கப்படுத்திட்டீக என்றார்கள். வேலைக்கு நிற்கிறவனை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேபிள்காரன் சொல்லித் தருவானா என்றார்கள். ஒருத்தர் ரொம்ப நிதானமாகக் கேட்டாராம், "ஏம்ப்பா, அந்த ஓணான் எந்த ஆளுக?" அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் அதைச் சொன்னார். "சாக்ஸு எந்தக் கடைல வாங்குனதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் மதினி. அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மறு ஒளிபரப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்குப் போன வருசத்துப் பொங்கல் விழா ஊர்வலத்தைப் போடச் சொன்னார். போட்டேன். ஓணான் வர வேண்டிய நேரத்தில் மேளமும் முளைப்பாரியும் போய்க்கொண்டிருந்தன. வீரசோழனிலிருந்து ஒரு பாய் போன் பண்ணி என்னிடம் சண்டை பிடித்தார். காலையில் அவர் வீட்டுப் பிள்ளைகள் ஓதப் போய்விடுவார்களாம், சாயங்காலம்தான் பார்ப்பார்களாம், மூணும் வரிசையாக உட்கார்ந்து அழுகிறதாம். "ஓணானுக்கு ஒடம்பு சரியில்ல பாய்" என்றேன். "ஓணானுக்கு என்னம்மா ஒடம்பு" என்று அலுத்துக்கொண்டு வைத்தார்.

நாங்கள் நிறுத்தினால் நின்றுவிடுமா? காலையில் பார்த்த யாரோ டிவியையே போனில் படம் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் நான் வந்த டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார். 'அவுக ஓணான் புடிச்சுத் தருவாக' என்கிற இடம் வந்ததும் திரும்பத் திரும்பப் போட்டார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். யார் சிரித்தார்கள், யார் பார்த்தார்கள் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் கேபிள் அறுந்தது. எலி கடித்திருக்கும் என்றார்கள் ஊரில். கட்டிங் பிளேயர் வைத்துக் கடிக்கிற எலி போல. அண்ணன் ஒரு இடத்தில் ஒட்டினால் இன்னொரு இடத்தில் எலி கடித்தது. பிறகு நாலு பெரிய மனிதர்கள் மாடியேறி வந்தார்கள். சத்தம் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓணான் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்: பிள்ளை சொன்னதில் தப்பில்லை, அது அவுக வீட்டு வழக்கம், தெரியாமல் குறுக்கே பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் ஓணானே வேண்டாம். அண்ணன் சரி என்றார்.

போகும்போது ஒருத்தர் என்னைப் பார்த்து, "இவ அவன் மகதான? இவதான் சொல்லிக் குடுத்திருப்பா" என்றார். எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது. மதினி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவர்கள் இறங்கிப் போனதும் அண்ணன் கெஞ்சினார். கெட்டவர் இல்லை. பொண்டாட்டி மேல் உயிர். ஆனால் லைன் போனால் சேனலும் போகும், எல்லா வீட்டிலும் டிஷ் ஏறிவிடும் என்கிற பயம். "நீ மன்னிப்புக் கேக்காதவளா? வௌவாலப் பறவைன்னு சொல்லிட்டு மறுவாரம் கேட்டியே. வௌவாலுக்குக் கேட்டவ இதுக்குக் கேட்டா என்ன?"

"வௌவால் பறவை இல்ல. அதேன் கேட்டேன். இவ அய்யா வயசுல பெரியவுகதான? நான் என்னத்துக்குக் கேக்க?" என்றார் மதினி.

இப்படி ஒரு வாதத்தை நான் எந்த வக்கீல் வாயிலும் கேட்டதில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சி மதினிக்கு என்ன என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். பிள்ளை இல்லாதவர். விசேஷ வீடுகளில் எத்தனையோ பேச்சுக் கேட்டு, போவதையே குறைத்துக்கொண்டவர். ஞாயிறு காலையில் அந்த ஜமுக்காளத்தில் படுத்ததும் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அவரைத் தேடி வந்தன. ஒரு வார்த்தையைத் திருப்பி எடுத்தால் அது இருக்கும். எடுக்காவிட்டால் போய்விடும். அந்த வாரம் முழுக்க அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லித் தொலைத்துவிடுங்கள் மதினி என்று ஒரு மனசு, சொல்லிவிட்டால் நான் இந்த மாடி ஏற மாட்டேன் என்று ஒரு மனசு.

வீட்டில் அய்யாவுக்கு விஷயம் வேறு வழியாக வந்திருந்தது. "எனக்காண்டி எதுக்குத்தா அந்தம்மா சண்டைய இழுக்காக?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அவர் டிவி பார்ப்பதில்லை, அவரிடம் இருப்பது பட்டன் போன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். "அந்தப் புள்ள என்னமா சொன்னுச்சு?" சொன்னேன். "அவுகன்னா சொன்னுச்சு?" என்றார். "ஆமாய்யா. அவுக புடிச்சுத் தருவாகன்னுச்சு." மடித்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலையில் மதினி ஜமுக்காளம் விரிக்கவில்லை. சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். "கேமராவ ஏத்து" என்றார். மேஜை மட்டத்துக்கு இருந்த கேமராவை ஏற்றினேன். முதல் தடவையாக அவர் முகம் திரையில் தெரிந்தது. மஞ்சள் பூசிக் குளித்த முகம். பவுடர் கூடப் போடவில்லை. அண்ணன் கதவோரம் நின்றார். மெயின் சுவிட்ச் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"புள்ளைகளா, ஓணான் மாமா நாந்தேன்" என்று ஆரம்பித்தார் மதினி. ஓணான் குரலில் இல்லை, தன் குரலில். "இம்புட்டு நாளும் கீழ படுத்துக்கிட்டுப் பேசுனேன். போன வாரம் ஒரு பாப்பாட்ட, வயசுல பெரியவுகள அவுகன்னு சொல்லணும்னு சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. நானாச் சொன்னேன். அதத் தப்புன்னு சொல்லச் சொல்றாக. அது தப்பில்ல. அதனால சொல்ல மாட்டேன். சொல்லலைன்னா நம்ம வெளையாட்டு இன்னியோட முடிஞ்சது. அழுகக்கூடாது. எல்லாரும் நல்லாப் படிங்க. ஓணானக் கல்லால எறியாதீக." சாக்ஸைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "போயிட்டு வாரேன்" என்றார்.

அண்ணன் சுவிட்சைத் தொடவில்லை. கடைசி வரைக்கும் தொடவில்லை. அதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பாட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினால், அவர் கதவைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பொடியன். "அப்ப அந்த சாக்ஸ எனக்குத் தாரீகளா?" என்று கேட்டான். மூணு பேரும் சிரித்தோம். மதினிதான் முதலில் சிரித்தார்.

ஓணான் அதற்கப்புறம் வரவில்லை. ரெண்டு நாளில் எலிகளும் கடிப்பதை நிறுத்திவிட்டன. ஞாயிறு காலையில் பாட்டுப் போட்டோம். மதினி விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தார், ஜவுளிக்கடை, நகைக்கடை, கண்ணாடிக்கடை. நல்ல குரல். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்பேர்ப்பட்ட ஆளைக் கொண்டுபோய்த் தள்ளுபடி என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "ஒரு வார்த்தைக்காக எல்லாத்தையும் விட்டீகளே மதினி, என்ன கண்டீக? ஊரு அப்படியேதான இருக்கு." அவர் யோசித்தார். "எனக்கும் தெரியல" என்றார். பெரிய பதிலாக எதையாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அய்யாவைத் தோட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் கிடைக்காத காலம், சொல்லவும் முடியாது. மிளகாய் பழுக்கிற பருவத்தில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ள ஒரு மாதிரியாப் பேசுது ஆத்தா. வீட்டாளுக பக்கத்துல நின்னா எப்பவும் போல வா போங்குது. யாரும் இல்லைன்னா வாங்க போங்கங்குது. அவுக வந்துட்டா டக்குனு மாத்திக்கிருது. சின்னப் புள்ளைக்கு எம்புட்டு வெவரம் பாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"நான் என்னத்தச் சொல்ல. அடிபடப் போறீக, சும்மா இருங்கன்னேன். கேக்க மாட்டேங்குது. இன்னிக்கு வரப்புல எதிர வந்துச்சு."

எங்கள் பக்கத்தில் வரப்பு ஒரு ஆள் நடக்கத்தான். தோட்டத்துக்காரர் வீட்டு ஆள் யார் எதிரே வந்தாலும், அந்த வீட்டுத் தொட்டில் பிள்ளையை யாராவது இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாலும், அய்யா பாத்திக்குள் இறங்கி நின்று வழி விடுவார். தண்ணீர் பாய்ந்த பாத்தியாக இருந்தாலும் இறங்குவார். நான் பார்த்த நாளிலிருந்து அப்படித்தான்.

"நான் எறங்கப் போனேன். அதுக்குள்ள அது எறங்கிருச்சு, ஸ்கூல் சூவோட, சேத்துக்குள்ள. நீங்க போங்கன்னுச்சு. நீங்க போங்க தாயின்னேன். அசையல. அப்படியே நின்னு என்னையவே பாக்குது."

அய்யா சோற்றில் கை வைத்தபடி பேச்சை நிறுத்திவிட்டார். நான் காத்திருந்தேன்.

"என்ன செஞ்சீக?" என்றேன்.

"போனேன்" என்றார்.